தணல் சட்டியைத் தெருவில் வைத்தவள்

கெர்மான் நகரில் ஷம்ஸியின் பார்லருக்கு வழி கேட்டால் யாரும் அவள் பெயரைச் சொல்லமாட்டார்கள். "மாதுளம்பழமா? ரொட்டிக் கடையத் தாண்டி வலது பக்கம் திரும்பு" என்பார்கள். எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. பார்லர் திறந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் படத்தை வரைந்து வாசலில் மாட்டியிருந்தாள். இரண்டு அதிகாரிகள் வந்து, பெண்ணின் முகம் தெருவில் தெரியக்கூடாது, எடு என்றார்கள். மறுநாள் வந்து பார்த்தால் முகம் இல்லை. அந்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு மாதுளம்பழம். கூந்தல் மட்டும் பழைய மாதிரியே சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. "பழத்துக்கு முடி இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டாள். அவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. பலகை இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

அவள் யார் சொல்லியும் அடங்கியதாகச் சரித்திரம் இல்லை. அப்பா ஒரு பிஸ்தா வியாபாரியைப் பார்த்து வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் டீத் தட்டை வைத்துவிட்டு, "டீ நல்லா இருக்கும், குடிச்சுட்டுக் கிளம்புங்க. பொண்ணு கிடையாது" என்றாள். பிறகு அவளாகவே லாரி ஓட்டும் நுஸ்ரத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு தடவை சீர்ஜான் சாலையில் நுஸ்ரத்துக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து, ஆள் ஸ்டியரிங்கிலேயே சுருண்டுவிட்டார். ஷம்ஸி அவரைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பெரிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். தெரு ஆண்கள் வாயைப் பிளந்தபடி நிற்க, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி, "வேடிக்கை பாத்தது போதும், ஆளைத் தூக்குங்க" என்றாள். நம்பாதவர்கள் அந்தத் தெருவில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் கொண்டைக்கடலை அளவு அபின் பதினாலு வருஷம் ஆட்டிவைத்தது.

அது வந்த வழி எங்கள் ஊரில் எல்லோருக்கும் வருகிற வழிதான். பார்லரில் நாள் முழுக்க நின்றே வேலை. நாற்பதைத் தாண்டியதும் கால் நரம்புகள் புடைத்துக்கொண்டன. வலி வந்தது, வலிக்கு மருந்து வந்தது. கெர்மானில் அதற்கு டாக்டரிடம் போவானேன்? பல் வலித்தால் பல்லில் வை, வயிறு வலித்தால் டீயில் கரை, மனசு வலித்தால் தணலில் வைத்து இழு. ஷம்ஸி டீயில் தொடங்கிப் புகைக்குழாய்க்கு வந்தாள். வியாழக்கிழமை மாலையானால் அவள் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் கூடிவிடுவார்கள். நடுவில் அவள் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைத் தணல் சட்டி, சுற்றிலும் மெத்தை, தட்டில் பிஸ்தாவும் பேரீச்சம்பழப் பணியாரமும். ஷம்ஸி வீட்டுத் தணல் என்றால் ஒரு மரியாதை இருந்தது. அடிமை என்ற வார்த்தையை அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். அது தெருவோரம் கிடப்பவனுக்கான வார்த்தை. வீட்டுக்குள் இழுப்பவர்களுக்கு அது "ஒரு பழக்கம்", அவ்வளவுதான்.

ஒரு வசந்த காலத்து மத்தியானம் ரய்ஹானே என்ற மணப்பெண் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு பக்கம் சுருள் முடிந்திருந்தது, மறுபக்கம் வெறுமனே தொங்கியது. ஷம்ஸிக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. சீப்பைப் பிடித்த கை ஆடியது. "அடுப்புல ஏதோ வச்சுட்டு வந்துட்டேன்டி, பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பெண் சிரித்தாள்.

"அவசரமில்லை அத்தை. நீங்க போய் உங்களைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க. நான் இப்படியே உக்காந்திருக்கேன்."

குரலில் குத்தல் இல்லை, கேலி இல்லை. அதுதான் சுட்டது. திட்டியிருந்தால் ஷம்ஸியும் பதிலுக்குத் திட்டி விஷயத்தை முடித்திருப்பாள். இந்தப் பெண்ணோ கிழவியைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அனுப்புவதுபோல அனுப்பினாள். ஷம்ஸி பார்லரை ஒட்டியிருந்த வீட்டுக்குப் போனாள், இழுத்தாள், வந்தாள், மறுபக்கச் சுருளையும் போட்டு முடித்தாள். பெண்ணை அனுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அப்பா சொல்லி நான் எழுந்ததில்லை, புருஷன் சொல்லி எழுந்ததில்லை, அரசாங்கம் சொல்லியும் எழுந்ததில்லை. ஒரு கடலை சொன்னால் பாதி வேலையில் எழுந்து ஓடுகிறேன். வெட்கம் கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

மறுநாளே கிளினிக்குக்குப் போய்விட்டாள். வரிசையில் அத்தனை பேரும் ஆண்கள். இரண்டு பேர் அவளுடைய வாடிக்கையாளர்களின் கணவன்மார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷம்ஸி ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, உரக்க ஸலாம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மீனூ டாக்டர் சின்னப் பெண், முப்பதைத் தாண்டியிருக்கமாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்பளைங்க இங்க வர்றதே இல்லை. ஆஸ்பத்திரியில ஒரு வாரம் சேத்துக்கறேன், சரியா?" என்றாள்.

"சேர மாட்டேன் டாக்டரம்மா. என் வீட்ல பிடிச்ச சனியன், என் வீட்டை விட்டுத்தான் ஓடணும். வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்கறேன்னு நினைக்காதீங்க. என் கட்டில்ல படுத்துக்கிட்டு நான் இதை ஜெயிக்கணும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "வீட்லயே பண்ணலாம். நானே வந்து பாக்கறேன். ஆனா வீட்ல ஒரு துணுக்கு அபின் இருக்கக்கூடாது. கூடவே ஒருத்தர் இருக்கணும். கடைசியா இழுத்ததுக்கு அப்புறம் உடம்பு நல்லாக் கேக்க ஆரம்பிக்கும். நடுக்கம், குடைச்சல், வாந்தி எல்லாம் வரும். அது முழுசா வந்த பிறகுதான் நாக்குக்கு அடியில மாத்திரை வைப்பேன். உள்ள அபின் இருக்கறப்பவே வச்சா, அந்த மாத்திரை அதை ஒரேயடியாப் பிடுங்கி எறியும். அந்த வேதனை உங்க எதிரிக்கும் வரக்கூடாது. அதனால என்கிட்ட பொய் மட்டும் சொல்லாதீங்க. ஒரு தடவை தப்பு நடந்தாலும் நேரா ஆஸ்பத்திரி வார்டுதான்."

"நான் பொய் சொல்றவ இல்லை," என்றாள் ஷம்ஸி. முந்தின நாள் மத்தியானம் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டதாகச் சொன்னது நினைவுக்கு வந்து, "இனிமே இல்லை" என்று சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் நுஸ்ரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் இழுப்பவர்தான். லாரியை விற்ற பிறகு அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. "நீ விடு, வேணாங்கலை. சட்டியைப் பின்கட்டுல வச்சுப் பூட்டிடலாம். நாளைக்கு விருந்தாளி வந்தா என்ன பண்றது?" என்றார்.

"விருந்தாளிக்கு டீ குடுங்க. நீங்க இழுக்கணும்னா உங்க சிநேகிதன் பட்டறையில போய் இழுங்க. இந்த வாசப்படிக்குள்ள வேண்டாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பட்டப்பகலில் பித்தளைச் சட்டியைக் குழாயோடும் இடுக்கியோடும் தூக்கிக்கொண்டுபோய், தெருக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மெருகேற்றிப் பளபளவென்று வைத்தாள். குப்பை வண்டி வருவதற்குள்ளேயே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நுஸ்ரத் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். சீதனம் போய்விட்டதே என்று அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கூட இருப்பதற்கு அக்கா பத்ரி வந்தாள். விதவை, ஷம்ஸியைவிட ஐந்து வயது மூத்தவள். இரக்கமே உருவானவள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். பத்ரி கையால் ஒரு கோழியை அறுக்க முடியாது. அறுத்ததைப் பார்த்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் நாள் காலையில் ஷம்ஸி பரவாயில்லாமல் இருந்தாள். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. கொட்டாவி தாடை கழன்றுவிடும்போல வந்தது. கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. மயிர்க்கூச்செறிந்து கையெல்லாம் உரித்த கோழித் தோல் மாதிரி ஆனது. பிறகு கால்களில் குடைச்சல். எலும்புக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு வெளியே உதைப்பதுபோல இருந்தது. படுத்தாலும் முடியவில்லை, நின்றாலும் முடியவில்லை. "வாடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதனிடமே பேசினாள். "வா, எவ்வளவு வருவியோ வா. மத்தியானம் டாக்டர் வர்றவரைக்கும்தான் உன் ஆட்டம்."

இதற்கிடையில் நுஸ்ரத் ஒரு காரியம் செய்திருந்தார். மனைவி எங்கே என்று கேட்ட எல்லோரிடமும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பார்களா? நோயாளிக்குக் கொண்டுபோகும் வழக்கப்படி ஆளுக்கொரு அன்னாசிப்பழ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசல் மணி ஓயவில்லை. கூடத்தில் டின்கள் அடுக்கி நின்றன. பத்ரி எல்லோருக்கும் டீ கொடுத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து ஷம்ஸியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு அக்தர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ஐயோ, பாவம்டி. காய்ச்சல்ல இப்படியா குடையும்? கொஞ்சூண்டு குடுக்கலையா?"

"இல்லை அக்தர், டாக்டர் வேணாம்னு..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? படிச்சுட்டு வந்த பொண்ணு." அக்தர் முக்காட்டு முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். "என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தப்ப இதைத்தான் குடுத்தோம். ஒரு மணி நேரத்துல எழுந்து உக்காந்து மருமகளைத் திட்ட ஆரம்பிச்சுட்டா. வச்சுக்கோ." இரண்டு கடலை அளவு கறுப்பு உருண்டையைப் பத்ரியின் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போனாள்.

பத்ரி அதை எறிய நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். குளியலறை வாசல்வரை கூடப் போனாள். உள்ளே ஷம்ஸி தலையணையைக் கடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு முன்னால் பத்ரியால் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், கற்கண்டு போட்டு டீ கலந்தாள். வயிற்று வலியானாலும் ஜுரமானாலும் பயமானாலும் எங்கள் வீடுகளில் கொடுப்பது அந்தக் கற்கண்டு டீயைத்தான். குங்குமப்பூவைக் கிள்ளிப் போட்டாள், கிராம்பைத் தட்டிப் போட்டாள். அப்புறம் உருண்டையில் பாதியைக் கிள்ளி அதில் கரைத்தாள். ஷம்ஸிக்கு மூக்கு அடைத்திருந்தது, நாக்கு மரத்திருந்தது. கசப்பை அவள் வாந்தியின் கசப்பென்று நினைத்துக் குடித்தாள்.

ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. கால்கள் அடங்கின. ஷம்ஸி எழுந்து உட்கார்ந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா அக்கா! இவ்வளவுதான் இவன் பலம்! மாத்திரை இல்லாமலே ஓடிட்டான்!" கண்ணாடி கேட்டாள். உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டாள். பத்ரி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மத்தியானம் மீனூ டாக்டர் வந்தாள். சின்ன டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தாள். இரண்டு கண்மணியும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. கையைத் தடவிப் பார்த்தாள், தோல் வழவழவென்று இருந்தது. டார்ச்சை அணைத்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"எதை?"

"ஷம்ஸி அம்மா, நான் போலீஸ் இல்லை. எப்ப எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ஷம்ஸிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "எடுக்கலை! ஹஸ்ரத் அப்பாஸ் மேல சத்தியம், எடுக்கலை! காலையிலேருந்து நாய் மாதிரி உருண்டிருக்கேன் நான்! என் அக்காவைக் கேளுங்க!"

"கண்ணு பொய் சொல்லாதும்மா. இப்ப நான் மாத்திரை வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

வாழ்நாளில் நூறு பொய் சொல்லியிருக்கிறாள் ஷம்ஸி. எல்லாவற்றையும் ஊர் நம்பியிருக்கிறது. அவள் நிஜத்தைச் சொன்ன ஒரு நாளில் நம்ப ஆள் இல்லை. கையில் கிடைத்த உதட்டுச் சாயத்தைச் சுவரில் வீசினாள். அப்போதுதான் கதவோரம் நின்ற பத்ரி தரையில் உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டாள்.

"அவ எடுக்கலை டாக்டர். நான்தான் குடுத்தேன். அக்தர் காய்ச்சலுக்குன்னு முக்காட்டு முடிச்சிலேருந்து ரெண்டு கடலை குடுத்தா, பாதியை டீயில கரைச்சுக் குடுத்தேன். அவளுக்குத் தெரியாது. என்னால பாக்க முடியலை, டாக்டர், என்னால பாக்க முடியலை."

வாசலில் மணி அடித்தது. இன்னொரு அன்னாசிப்பழ டின்.

டாக்டர் பையை மூடினாள். "தப்பு உங்க மேல இல்லை ஷம்ஸி அம்மா. நான் சொன்னதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆனா இந்த வீட்ல இதைப் பண்ண முடியாது. வர்றவங்க போறவங்க எல்லாரும் முக்காட்டுல முடிஞ்சுக்கிட்டு வர்றாங்க. காய்ச்சல்னு நினைச்சுக் குடுக்கறாங்க. நாளைக்குக் காலையில வார்டுக்கு வந்துடுங்க."

ஷம்ஸி பத்ரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பத்ரி இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். பிறகு ஷம்ஸி கட்டிலை விட்டு இறங்கினாள். முக்காடு சரியாக இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலின் இரண்டு கதவையும் படாரென்று திறந்தாள். கீழே வாசலில் டின்னோடு ஒருத்தி, பக்கத்து வாசலில் அக்தர், ரொட்டிக் கடை வாசலில் வரிசை.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" பார்லரில் நாலு ஹேர் டிரையருக்கு மேலே கேட்கிற குரல் அது. "எனக்குக் காய்ச்சலும் இல்லை, கீய்ச்சலும் இல்லை! பதினாலு வருஷமா அபின் இழுத்தேன், இப்ப விடறேன்! உங்க வீட்லயெல்லாம் யாருமே இழுக்கலை, எனக்குத் தெரியும், எல்லாரும் சுத்தம்! நான்தான் ஒருத்தி! அதனால பாக்க வராதீங்க! டின்னு வேணாம்! அக்தர், உன் முக்காட்டு முடிச்சும் வேணாம்! இனிமே என் வீட்டுப் படியேறி எவளாவது அதைக் குடுத்தா, அவ புருஷன் எங்க இழுக்கறான்னு இதே ஜன்னல்லேருந்து கத்துவேன்!"

அக்தர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொட்டிக் கடை வரிசையில் ஒருவரும் அசையவில்லை. வாசலில் நின்றவள் மெல்ல டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். கூடத்தில் நுஸ்ரத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. மானம் போச்சு" என்றார். "அது என்னோடது, போனா போகட்டும்," என்றாள் ஷம்ஸி. திரும்பி டாக்டரைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"இனி யாரு வருவா, சொல்லுங்க?"

டாக்டர் சிரிப்பை மறைக்கக் கொஞ்சம் திண்டாடினாள். "யாரும் வரமாட்டாங்க. ஆனா கூட யாரு இருப்பா?"

"இவதான்." ஷம்ஸி பத்ரியைக் காட்டினாள்.

"இவங்களா? இவங்கதானே..."

"இவளைத் தவிர இந்த ஊர்ல யாரு செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டா? இவளே இருக்கட்டும். என்னைப் பாக்க முடியலைன்னாளா? பாத்துத்தான் ஆகணும். நான் அழுதா கூட உக்காந்து அழட்டும். இரக்கத்தை மட்டும் செருப்போட வாசல்ல விட்டுட்டு வரட்டும்."

டாக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சரி, இன்னொரு நாள், அதற்கு மேல் இல்லை என்றாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீயில் போனது வடிய வேண்டும், உடம்பு மறுபடியும் கேட்க வேண்டும்.

மறுபடி கேட்டது. மறுநாள் காலை வெயில் கட்டில்வரை வந்தபோது ஷம்ஸி முதல் நாளைவிட மோசமாகக் கிடந்தாள். போர்வையை உதைத்து எறிந்தாள், பிறகு குளிருகிறதென்று இழுத்துக்கொண்டாள். வாளிக்கு மேல் தலையைத் தொங்கவிட்டபடியே பேசினாள்.

"அக்கா. அக்தர் ரெண்டு கடலை குடுத்தா. நீ பாதிதான் கரைச்சே. மிச்சம் உன்கிட்ட இருக்கு."

பத்ரி வாளியை நேராகப் பிடித்தாள்.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? எதையும் தூக்கிப் போடமாட்டே நீ. குடு. கொஞ்சூண்டு. டாக்டர்கிட்ட நான் சமாளிச்சுக்கறேன். என் செல்ல அக்கா இல்லை?"

பத்ரி சட்டைக்குள் கைவிட்டுத் தாள் பொட்டலத்தை எடுத்தாள். ஷம்ஸி கையை நீட்டினாள். அந்தக் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து பத்ரியின் கண்கள் வழிந்தன. அப்படியே எழுந்து, ஷம்ஸி பார்க்கும்படி கதவை அகலத் திறந்துவைத்து, கழிப்பறையில் போட்டு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். ஒரு வாளி போதும், மூன்று வாளி கொட்டினாள்.

ஷம்ஸியின் வாயிலிருந்து அப்போது வந்தவற்றை எழுத முடியாது. சீர்ஜான் சாலை லாரிக்காரர்களே அவளிடம் பாடம் படிக்கலாம். மலடி என்றாள், புருஷனைத் தின்றவள் என்றாள், இன்னும் என்னென்னவோ. பத்ரி கட்டிலருகே வந்து உட்கார்ந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"திட்டு. நல்லாத் திட்டு. திட்டறதுக்குத் தெம்பு இருக்குல்ல, அப்ப சாகமாட்டே."

டாக்டர் வந்தபோது ஷம்ஸியின் கண்மணிகள் அகலத் திறந்திருந்தன. கையில் மயிர் குத்திட்டு நின்றது. நாடியை எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டர் தலையாட்டினாள். "இப்ப சரி. நாக்கைத் தூக்குங்க." சின்ன வெள்ளை மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். "கரையற வரைக்கும் வாயை மூடியே வச்சிருக்கணும். விழுங்கக்கூடாது, பேசக்கூடாது. ஒரு வார்த்தை கூட."

கதவுக்கு வெளியிலிருந்து நுஸ்ரத்தின் குரல் வந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து நடக்காத காரியம் டாக்டர் அது!" ஷம்ஸி கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பைக் குறி தவறாமல் வீசினாள்.

பத்ரி டாக்டரைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் பேசமாட்டா?"

"பத்து நிமிஷம் ஆகும்."

"போதும்." பத்ரி நாற்காலியை இழுத்துப்போட்டு, ஷம்ஸியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். "இப்ப நீ கேட்டுத்தான் ஆகணும். நான் வாயைத் திறந்தா நீ பத்து வார்த்தை பேசுவே, நான் மறந்துடுவேன். இத்தனை வருஷமா அதுதான் நடக்குது. ஷம்ஸி, நேத்து குடுத்தது முதல் தடவை இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கு, நீ சொன்னதே இல்லை, அவ்வளவுதான். காலைச் சுவத்துல தூக்கி வச்சுக்கிட்டு அழுதியே, அன்னைக்கு முதல் கிளாஸ் டீயில கரைச்சுக் குடுத்தது நான்தான். நீ வேணாம்னே. ஒரு மடக்கு குடிடின்னு தலையைப் பிடிச்சு ஊட்டினேன். நீ தூங்கினே. நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் நீ குழாயைப் பிடிச்சப்ப, பார்லர்லேருந்து பாதியில எழுந்து ஓடினப்ப, ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சுல ஆணி அடிக்கும். நான்தான் உன்னைக் கெடுத்தேன். நேத்தும் அதையே பண்ணினேன். நீ கத்தினா எனக்கு வேற வழி தெரியலை. நான் உன்னை விடவச்சுட்டுத்தான் சாவேன். என் பாவம் அப்பத்தான் தீரும்."

ஷம்ஸி வாயைத் திறக்கப் போனாள். டாக்டர் விரலை உயர்த்தினாள். ஷம்ஸியின் கன்னம் துடித்தது, மூக்கு விடைத்தது, கண் நிறைந்து இரண்டு பக்கமும் காதுவரை வழிந்தது. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு பதிலை இவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் குனிந்து நாக்கடியில் பார்த்தாள். "கரைஞ்சிடுச்சு. இப்பப் பேசலாம்."

"முடிஞ்சுதா உன் பிரசங்கம்?" ஷம்ஸியின் குரல் கரகரத்தது. "ஒரு கிளாஸ் குடுத்தே. சரி. ரெண்டாவது கிளாஸை யாரு கேட்டா? நான் கேட்டேன். பித்தளைச் சட்டியைத் தேச்சுத் தேச்சுக் கூடத்துல வச்சது யாரு? நான். தணலுக்கு முன்னால குந்தி இழுத்தது உன் வாயா, என் வாயா? எனக்குப் பிடிச்சுது, இழுத்தேன். இப்பப் பிடிக்கலை, விடறேன். நீ கெடுத்து நான் கெடலை, நீ திருத்தி நான் திருந்தவும் போறதில்லை. இதுல உனக்குப் பங்கு கிடையாது அக்கா. ரெண்டும் என்னோடது. பாவமும் என்னோடது, இந்த வாளியும் என்னோடது. எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு பாக்காதே."

இத்தனை வருஷம் நெஞ்சில் சுமந்ததை ஒரே மூச்சில் பிடுங்கிக்கொண்டாளே என்று பத்ரிக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "அப்ப நான் என்னதான்டி பண்றது?" என்றாள்.

"கால் குடையுது. பிடிச்சு விடு."

பத்ரி கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புடைத்த நரம்புகளின் மேல் மெல்லக் கையை வைத்தாள். நடுக்கம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. டாக்டர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பலமா," என்றாள் ஷம்ஸி. "நான் ஒண்ணும் உடைஞ்சு போயிடமாட்டேன்."